எரியெண்ணெய்களின் பற்றுநிலையும் கமக்காரரின் பாதுகாப்பும்

துலா மிதித்து நீரிறைத்த தோட்டங்களில் இன்று நீரிறைக்கும் இயந்திரம் ஓடுகின்றது. எருமை பூட்டி உழுத வயல்களை இரு சில்லு, நான்கு சில்லு உழவு இயந்திரங்கள் உழுகின்றன. இவற்றோடு பெற்றோலும் மண்ணெண்ணெயும் டீசலும் கமக்காரரின் கொட்டிலுக்குள் வந்து சேர்ந்துள்ளன. நெல் மூடைக்கும் உர மூடைக்கும் பக்கத்திலே, பெரும்பாலும் ஒரே வகையான கலன்களில், இவை வைக்கப்படுகின்றன. மூன்றும் எரியும் எண்ணெய்கள்தாமே என்று கருதி மூன்றையும் ஒரே விதமாகக் கையாளுவோர் பலர். ஆயின் திறந்த பாத்திரத்திலுள்ள பெற்றோலை நோக்கித் தீக்குச்சியொன்று நெருங்கும்போது, குச்சி எண்ணெயைத் தொடுமுன்னரே தீ பாய்கின்றது. குளிர்ந்த டீசலிலோ அதே குச்சி அவிந்துபோதலும் கூடும். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்த கமக்காரர், எந்தக் கலனை எங்கே வைத்தல் வேண்டும், எப்பொழுது திறத்தல் ஆகாது என்பவற்றைப் பிறர் சொல்லாமலே உணர்வர்.

உறைநிலையும் கொதிநிலையும்

ஒவ்வொரு திரவமும் ஒரு குறித்த குளிர்ச்சியில் உறைகின்றது. ஒரு குறித்த வெப்பத்தில் கொதிக்கின்றது. முன்னது உறைநிலை எனவும் பின்னது கொதிநிலை எனவும் கூறப்படும். இப்பிரசுரத்திற் காணும் பாகைகள் யாவும் செல்சியசு அளவின்படி அமைந்தவை. நீர் 0 பாகையில் உறைந்து 100 பாகையிற் கொதிப்பதை யாவரும் அறிவர். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகையிலேயே கட்டிப்படத் தொடங்கும். ஆதலால் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வடபகுதியிலும் போத்தலில் அது உறைந்திருக்கக் காணலாம். நல்லெண்ணெய் அவ்வாறு உறைவதில்லை. மண்ணெண்ணெயும் பெற்றோலும் இலங்கையின் எப்பகுதிக் குளிரிலும் உறைவன அல்ல.

உறைநிலையால் நேரும் இடர் மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளருக்கே உரியது. நுவரெலியாவில் சனவரி, பெப்புருவரி மாதங்களில், வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில், உருளைக்கிழங்கு முதலிய பயிர்களின் இலைகள் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துவிடுகின்றன. அப்பொழுது ஆளுயரத்திலே தொங்கும் வெப்பமானி 3 அல்லது 4 பாகையைக் காட்டினும், நிலத்தையொட்டிய இலை 0 பாகைக்குக் கீழே சென்றிருத்தல் கூடும். வெப்பமானியை நம்பி உறங்கியவர் காலையிற் கருகிய பயிரைக் காண்பது இதனாலேயே. நீர் உறையும்போது ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகின்றது. உறைபனி விழும் நேரத்தில் தொடர்ந்து நீர் தூவுதல் பயிரைக் காப்பது இவ்வெப்பத்தினாலேயாம். ஆயினும், தொடங்கிய தூவலைப் பனி உருகும்வரை நிறுத்தலாகாது. இடையில் நிறுத்தினால் நனைந்த இலை ஆவியாதலால் மேலும் குளிர்ந்து, தூவாத பயிரைவிடக் கேடடையும்.

கொதிநிலை அமுக்கத்தோடு மாறும் தன்மையது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும்; அங்கே பருப்பு வேகத் தாமதிப்பது இதனால். இதற்கு மாறாக, மூடப்பட்ட கலத்தில் அமுக்கம் ஏறும்போது கொதிநிலையும் உயரும். உழவு இயந்திரத்தின் இரேடியேற்றரிலுள்ள நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாதிருப்பது அதன் மூடி அமுக்கத்தைத் தாங்கி நிற்பதாலேயே. சூடு ஏறிய இயந்திரத்தின் மூடியைத் திறந்தவுடன் அமுக்கம் நீங்க, நீர் முழுவதும் ஒரு கணத்திற் கொதித்து முகத்திற் சீறும். இயந்திரத்தை நிறுத்தி, கையால் தொடக்கூடிய அளவு ஆறிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும்.

எரியெண்ணெய்களுக்கு நீரைப் போல ஒரே கொதிநிலை இல்லை. அவை பல பொருள்களின் கலவைகள். பெற்றோல் ஏறக்குறைய 35 பாகையிற் கொதிக்கத் தொடங்கி 200 பாகையளவில் முடிகின்றது. மண்ணெண்ணெய் 150 பாகையளவில் தொடங்குகின்றது. டீசலின் பெரும்பகுதி 180 பாகைக்கு மேலேதான் கொதிக்கும். பெற்றோலின் இலேசான பகுதி நம் நாட்டு நண்பகல் வெப்பத்திலேயே கொதிநிலையை எட்டிவிடுவதைக் கவனிக்குக. வெயிலில் வைத்த பெற்றோற் கலன் வீங்குவதும், சூடேறிய இயந்திரத்தின் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி அடைப்பதால் இயந்திரம் திடீரென நிற்பதும் இதனால் நேர்வன. அவ்வாறு நின்ற இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. நிழலில் ஆறவிட்டால் மீண்டும் ஓடும்.

பற்றுநிலை என்பது யாது?

எண்ணெய் எரிகின்றது என்று கூறுவது வழக்கு. உண்மையில் எரிவது எண்ணெயன்று. அதிலிருந்து எழுந்து வளியோடு கலக்கும் ஆவியே. ஆவி மிகக் குறைவாயிருப்பின் தீப்பற்றாது. மிக அதிகமாகி வளி குறைந்துவிடினும் தீப்பற்றாது. பெற்றோலைப் பொறுத்தவரை, வளியில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்குவரை அதன் ஆவி கலந்திருக்கும்போதே கலவை தீப்பற்றும். ஒரு திரவத்தை மெல்லச் சூடாக்கிக்கொண்டு சென்றால், ஒரு குறித்த வெப்பநிலையில், அதன் மேற்பரப்பிலிருந்து தீப்பற்றுதற்கு வேண்டிய அளவு ஆவி முதன்முதலாக எழும். அப்பொழுது சிறு சுவாலையைக் காட்டினால் பளிச்சென்று தீ தோன்றி மறையும். அவ்வெப்பநிலையே அத்திரவத்தின் பற்றுநிலை எனப்படும்.

பெற்றோலின் பற்றுநிலை சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 பாகை. நுவரெலியாவின் உறைபனியிலும் அது தீப்பற்ற ஆயத்தமாகவே இருக்கின்றது. தூய எதையில் மதுசாரத்தினது பற்றுநிலை 13 பாகையளவு; ஆதலின் அழுத்த விளக்கைச் சூடாக்கப் பாவிக்கும் ஸ்பிரித்தும் நம் நாட்டில் எந்நேரமும் ஆபத்தானதே. விளக்குக்குரிய மண்ணெண்ணெயின் பற்றுநிலை 38 பாகைக்குக் குறையாதிருப்பது வழக்கம். டீசலுக்கு அது 50 பாகைக்கு மேற்பட்டது. தேங்காயெண்ணெய்க்கும் இயந்திரங்களுக்கு இடும் மசகெண்ணெய்க்கும் 200 பாகைக்கு மேல்.

38 என்னும் எண்ணைக் கமக்காரர் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். அது பழைய பரனைற்று அளவில் 100 பாகை. உலர்வலயத்தில் வைகாசி முதல் புரட்டாதி வரை நிழலிலேயே 33, 34 பாகை வெப்பம் காணப்படுகின்றது. தகரக் கூரையிட்ட கொட்டிலினுள்ளும், வெயிலில் நிறுத்திய இயந்திரத்தின் தாங்கியினுள்ளும் வெப்பம் 38 பாகையைக் கடந்துவிடும். காலையில் பாதுகாப்பாயிருந்த மண்ணெண்ணெய், உச்சிப்பொழுதிற் பெற்றோலின் குணத்தை அடையத் தொடங்குகின்றது. இதே காரணத்தால், இயந்திரங்களுக்கு எண்ணெய் நிரப்புதற்குக் காலைப்பொழுதே சிறந்தது.

பற்றுநிலைக்குக் கீழே இருப்பதொன்றே முழுக் காப்பும் ஆகாது. திரியானது சிறிதளவு எண்ணெயை உறிஞ்சி மேலேற்றி, அச்சிறிதளவை மட்டும் சுவாலையின் சூட்டிற் காய்ச்சுகின்றது. அதனாலேயே விளக்கிலுள்ள எண்ணெய் குளிர்ந்திருக்கவும் திரி எரிகின்றது. டீசல் சிந்திய சாக்கும், மண்ணெண்ணெய் துடைத்த பழந்துணியும், எண்ணெய் படிந்த வைக்கோலும் திரியின் தொழிலையே செய்கின்றன. இயந்திரக் கொட்டிலில் இவை கிடத்தல் ஆகாது.

இயந்திரத்தைத் தொடங்குதலும் நிறுத்துதலும்

பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் வெங்காயம், மிளகாய், புகையிலை செய்யும் தோட்டங்களிற் பெரிதும் பயின்றவை. அவற்றின் இயக்கம் பற்றுநிலையைக் கண்ணாற் காட்டும் பாடமாகும். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் போதிய ஆவியைத் தருவதில்லை. ஆகவே பிளக்கின் பொறிக்கு அது பற்றாது. பெற்றோல் பற்றும். பெற்றோலில் ஓடி இயந்திரம் சூடேறிய பின்னர், அச்சூட்டினால் மண்ணெண்ணெய் ஆவியாக, மாற்றுத் திருகியைத் திருப்பலாம். அவசரப்பட்டு முன்னரே திருப்பினால், ஆவியாகாத மண்ணெண்ணெய்த் துளிகள் உருளைச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அவ்வாறு ஓட்டப்பட்ட இயந்திரம் விரைவில் தேயும். இறைப்பு முடிவதற்குச் சில நிமிடம் முன்னதாக மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பி, காபுரேற்றரிற் பெற்றோல் நின்றிருக்க நிறுத்துவோர்க்கு மறுநாட் காலையிற் கயிறிழுத்துக் களைக்க நேராது.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், மோட்டார்ச் சைக்கிள்களையும் பழைய கார்களையும் மக்கள் இம்முறையிலேயே ஓட்டினர். சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டுத் தொடங்கி, பின்பு மண்ணெண்ணெயிற் செலுத்தினர். கொதிநிலையையும் பற்றுநிலையையும் பாடசாலையிற் கல்லாதவரும் தேவை கற்பித்த பாடத்தால் அறிந்துகொண்டனர். அக்காலத்துத் திறமை பாராட்டத்தக்கது. எனினும் துளிப் பெற்றோலைச் சிறு போத்தலிற் சட்டைப் பையில் வைத்துத் திரிந்த வழக்கத்தை இன்று யாரும் பின்பற்ற வேண்டியதில்லை.

ஓடும் இயந்திரத்திலோ, நிறுத்தியவுடனோ எண்ணெய் நிரப்புதல் பெருந் தவறு. இங்கே வேறொரு வெப்பநிலையையும் அறிதல் நன்று. சுவாலையோ பொறியோ இல்லாமல், சூட்டினால் மட்டுமே ஒரு பொருள் தானே பற்றிக்கொள்ளும் வெப்பநிலை அது. பெற்றோலுக்கு அது 250 பாகைக்கு மேற்பட்டது. டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் 210 பாகையளவிலேயே தொடங்குகின்றது. பொறிக்கு எளிதிற் பற்றும் பெற்றோல் சூட்டுக்குத் தாமதித்துப் பற்றுவதும், பொறிக்குத் தாமதிக்கும் டீசல் சூட்டுக்கு முந்திப் பற்றுவதும் பலருக்கு வியப்பாயிருக்கும். டீசல் இயந்திரம் பிளக்கு இல்லாமல், அமுக்கிய வளியின் சூட்டினாலேயே இயங்குவது இப்பண்பினால். வேலை செய்துகொண்டிருக்கும் இயந்திரத்தின் புகைக்குழாய் இவ்வெப்பநிலைகளை எளிதிற் கடந்துவிடும். ஆகவே, டீசல் பெற்றோலைப் போலன்று என்னும் தைரியத்தோடு சூடான புகைக்குழாயின் மேல் அதனைச் சிந்துபவர் தீயைத் தாமே மூட்டுபவராவர். இயந்திரத்தை நிறுத்தி, கால் மணித்தியாலமாவது ஆறவிட்டு, புனல் வைத்து ஊற்றி, சிந்தியதைத் துடைத்து உலர்ந்த பின்னரே மீளத் தொடங்குதல் வேண்டும்.

பெற்றோலின் ஆவி வளியைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. அது புகையைப் போல மேலெழுந்து போவதில்லை. நீரைப் போலத் தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடுகின்றது. திண்ணையிற் கலனைத் திறந்தால், குசினியில் எரியும் அடுப்புவரை ஆவி நிலத்தோடு தவழ்ந்து சென்று, அங்கே பற்றி, வந்த வழியே தீயாகத் திரும்பும். நீர்மட்டம் தாழ்ந்த காலத்தில் கிணற்றுக்குள் இயந்திரத்தை இறக்கி வைப்போர், அங்கே சிந்திய பெற்றோலின் ஆவி வெளியேறாது தங்கும் என்பதை மறத்தலாகாது. மேலும், கிணற்றினுள் ஓடும் இயந்திரத்தின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு, மணமும் நிறமும் இன்றியே ஆளைக் கொல்லும். அதனுள் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மாள்வதுண்டு. இயந்திரம் ஓடும் கிணற்றுக்குள் ஒருவரும் இறங்குதல் ஆகாது. மயங்கி விழுந்தவரைக் கயிறு கட்டியே மேலே எடுத்தல் வேண்டும்.

விளக்கும் கலப்பெண்ணெயும்

மண்ணெண்ணெய் விளக்கு முதன்முதல் உலகிற் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், இலேசான எண்ணெய்களைக் கலந்து விற்ற வணிகராற் பல விளக்குகள் வெடித்து மக்கள் மாண்டனர். இதனைத் தடுத்தற்பொருட்டே பற்றுநிலையை அளக்கும் முறைகள் எழுந்தன. சேர் பிரெடெரிக் ஏபெல் என்னும் ஆங்கில இரசாயனர் அமைத்த மூடிய கிண்ணக் கருவியை 1879ஆம் ஆண்டின் பிரித்தானியப் பெற்றோலியச் சட்டம் ஏற்றுக்கொண்டு, பரனைற்று அளவில் 73 பாகையை எல்லையாக வகுத்தது. அது ஏறக்குறைய 23 பாகை செல்சியசு. இங்கிலாந்தின் குளிருக்கு அவ்வெல்லை ஒருவாறு பொருந்தலாம். நம் சமவெளிகளின் வெப்பத்துக்கு அது பொருந்தாதாதலின், அத்தகைய எண்ணெய் இங்கே விளக்குக்கு உதவாது.

மண்ணெண்ணெயிற் சிறிதளவு பெற்றோல் கலந்தாலும் பற்றுநிலை வெகுவாகத் தாழ்ந்துவிடும். ஆவியைப் பெரும்பாலும் தருவது கலந்துள்ள சிறுபங்கே. நூற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் சேர்ந்த டீசலும் டீசலின் பாதுகாப்பை இழக்கின்றது. பெற்றோல் இருந்த கலனைக் கழுவாது அதில் மண்ணெண்ணெய் வாங்குவதும், இயந்திரத்தின் தாங்கியில் எஞ்சியதை வடித்து விளக்கில் ஊற்றுவதும் வீட்டிலே வெடிமருந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

வெறும் போத்தலில் திரியிட்ட குப்பி விளக்கு சரிந்தால் உருண்டோடி எண்ணெயைக் கொட்டும். இவ்விளக்குகளால் எரிகாயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்த இலங்கை அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, குட்டையும் பாரமும் உடையதாய், உருளாதபடி இரு பக்கமும் தட்டையாய், திருகும் உலோக மூடி கொண்டதாய் ஒரு கண்ணாடி விளக்கை ஆக்கினார். ‘சுதீப’ எனப் பெயரிட்ட இவ்விளக்குக்காக 1998ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருதைப் பெற்றார். விலையுயர்ந்த கருவி யாதும் அதில் இல்லை. மின்சாரம் எட்டாத வாடிகளிலும் காவற் குடில்களிலும் குப்பி விளக்கு வைத்திருப்போர் இவ்வமைப்பையேனும் கைக்கொள்ளுதல் வேண்டும்.

வெறும் பீப்பாயும் சேமிப்பும்

எண்ணெய் தீர்ந்த பீப்பாயை வெட்டி நீர்த்தொட்டியாக்குவது வழக்கம். இவ்வேலையில் உயிரிழந்தோர் உளர். நிறைந்த பீப்பாயைவிட வெறும் பீப்பாயே ஆபத்தானது எனக் கேட்போர் நம்பத் தயங்குவர். பெற்றோல் நிறைந்த பீப்பாயின் மேல்வெளியில் ஆவி மிகுதியாய் வளி குறைவாயிருக்கும். வெறும் பீப்பாயிலோ எஞ்சிய சில துளியின் ஆவி வளியோடு எரிதற்குரிய விகிதத்திற் கலந்து நிற்கும். டீசற் பீப்பாயாயின் இவ்வச்சம் இல்லை என்பதும் பிழை. உருக்கி வெட்டும் சுவாலை உலோகத்தைச் சூடாக்க, உள்ளே ஒட்டிய டீசல் தன் பற்றுநிலையைத் தாண்டி ஆவியாகும். ஒருமுறை நீரால் அலசுதல் போதாது. இத்தகைய பீப்பாய்களுக்கு வெப்பம் காட்டாதிருத்தலே நன்று.

2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில், நாட்கணக்காக வரிசையில் நின்று பெற்ற பெற்றோலைப் பலர் பிளாத்திக்குக் கலன்களில் வீட்டினுள் வைத்தனர். அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் மண்ணெண்ணெயின் விலையும் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. விலை ஏறிய பொருளைக் கண்பார்வையில், கட்டிலின் கீழே வைக்கத் தோன்றுவது இயல்பே. ஆயினும் பஞ்சம் நீங்கிய பின்னரும் அப்பழக்கம் சில வீடுகளில் எஞ்சியுள்ளது. பெற்றோலை வீட்டுக்கும் குசினிக்கும் புறம்பான, காற்றோட்டமுள்ள, நிழலான இடத்தில், எரிபொருளுக்கென அமைந்த இறுகிய மூடியுள்ள கலனில், முழுதும் நிரப்பாமல், தேவைக்கு மட்டும் வைத்தல் வேண்டும். கலனை நிரப்பும்போது வண்டியின்மேல் வையாது நிலத்தில் வைத்தே நிரப்புதல் வேண்டும். ஓடும் எண்ணெயாற் சேரும் மின்னேற்றம் பொறியாகப் பாய்வதை இது தடுக்கும்.

சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைப்பதை அடியோடு விடுதல் வேண்டும். தாகங்கொண்ட குழந்தை நீரென்று குடிக்கும். அவ்வாறு குடித்த குழந்தையை வாந்தியெடுக்கச் செய்தல் ஆகாது. எண்ணெய் நுரையீரலுட் புகுந்து பெருங்கேடு செய்யும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

பூச்சிகொல்லிகளிற் சிலவும் இவ்வகுப்பில் அடங்குவன. நீரிற் கலந்தவுடன் பால்போலாகும் திரவ மருந்துகளிற் பல சைலீன் போன்ற கரைப்பான்களிற் செய்யப்படுகின்றன. சைலீனின் பற்றுநிலை ஏறக்குறைய 27 பாகை, மண்ணெண்ணெயினதைவிடத் தாழ்ந்தது. மருந்து கலக்கும்போது புகைபிடித்தல் ஆகாது என்று சிட்டையில் அச்சிடப்பட்டிருப்பது நஞ்சை மாத்திரம் எண்ணியன்று.

தீப்பிடித்தால்

எரியும் எண்ணெயில் நீரை ஊற்றுதல் கூடாது. நீர் எண்ணெயைவிடப் பாரமாதலால் அடியிற் சென்றுவிடும். எரியும் எண்ணெய் அதன்மேல் மிதந்து பரவும். அடுப்பிலுள்ள தாச்சியில் எண்ணெய் பற்றினாலோ நிலை இன்னும் மோசம். அவ்வெண்ணெய் 100 பாகைக்கு மிக மேலே இருப்பதால், அதனுட் சென்ற நீர் உடனே கொதித்து, ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 1,700 லீற்றர் ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயை முகட்டளவுக்கு எறியும். தாச்சியைப் பொருத்தமான மூடியால் மூடி, அடுப்பை அணைத்து, ஆறும்வரை திறவாதிருத்தல் வேண்டும். இயந்திரக் கொட்டிலில் உலர்ந்த மணல் நிரம்பிய வாளிகள் இரண்டாவது இருத்தல் நன்று. வசதியுடையோர் உலர்தூள் தீயணைக் கருவியை வாங்கி வைக்கலாம்.

உடையிற் பெற்றோல் சிந்தினால் அடுப்பையும் விளக்கையும் அணுகாது உடனே மாற்றுதல் வேண்டும். உடை பற்றிக்கொண்டால் ஓடுதல் ஆகாது; நிலத்திற் படுத்து உருளுதல் வேண்டும். எரிகாயத்தின்மேல் பற்பசை, தேங்காயெண்ணெய், மை முதலியவற்றைப் பூசுதல் தீது. குளிர்ந்த கிணற்று நீரை இருபது நிமிடம் வரை தொடர்ந்து ஊற்றி, தூய துணியால் தளர மூடி, தாமதியாது வைத்தியசாலையிற் சேர்த்தல் வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை இழுத்து அகற்றாது அவ்வாறே விடுக.